பல்லி இருந்த கோட்டை

விசாரணைக்கு நீங்கள் போட்ட இந்த நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது, அதனால் திருப்பிப் போட்டுக்கொண்டேன். படைத் தளபதியாக இருந்தவன் இப்படிப் பயப்படுவதா என்று உங்கள் எழுத்தர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். பயப்படாதவர்கள் நிறையப் பேரை நான் என் கையால் புதைத்திருக்கிறேன்.

நான் கல்குவாரியில் வளர்ந்தவன். பாறையில் குழி போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓடுவோம். வெடித்த குழியால் பெரிதாக ஆபத்தில்லை. வெடிக்காத குழிதான் ஆளைத் தின்னும். என் அப்பா அப்படி ஒன்றை எட்டிப் பார்க்கப் போனார், தலை கிடைக்கவில்லை. அன்றைக்கு நான் பிடித்துக்கொண்ட சட்டம் ஒன்றுதான்: சத்தமில்லாத குழியை நம்பாதே. தள்ளி இன்னொரு குழி போட்டு, அதையும் சேர்த்து வெடிவைத்துத் தூக்கிவிடு.

எதிரிப் படையின் தளபதியை என் ஆட்கள் பல்லி என்பார்கள். சுவரோடு ஒட்டி அசையாமல் கிடப்பான். நாம் அசந்த நேரம் நாக்கு நீளும். ஆற்றுப் பாலத்தில் அப்படித்தான். அவன் கூடாரங்கள் காலியாகக் கிடந்தன. என் முன்னணிப் படை பாட்டுப் பாடிக்கொண்டு உள்ளே போனது. பாட்டு பாதியில் நின்றது. அதற்குப் பிறகு நான் ஒழுங்காகத் தூங்கியதில்லை. பெண்டாட்டி முகம்கூட மங்கிப்போனது. அவன் அடுத்து என்ன செய்வான் என்பது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் அவனை அந்த மலைக்கோட்டைக்குள் அடைத்தேன். ஊர் ஜனமும் அவனோடு உள்ளே. முதலில் நன்றாகத்தான் சண்டை போட்டான். மழை தொடங்கியதும் அவன் பீரங்கிகள் ஓய்ந்தன. பிறகு அடுப்புப் புகை குறைந்தது. பிறகு நாய் குரைப்பதும் நின்றது. மாலையில் அவனுடைய சிவப்பு மேலங்கி மட்டும் மதில்மேல் ஒரு நடை நடந்துவிட்டுப் போகும். அதைப் பார்த்த பிறகு காவலை இரண்டு மடங்காக்கிவிட்டுத்தான் கூடாரத்துக்குள் போவேன்.

பீரங்கிகளுக்குப் பொறுப்பு என் மாப்பிள்ளை, தங்கை புருஷன். எதையும் விளையாட்டாகப் பேசுவார்.

"பல்லி செத்துப்போச்சு மச்சான். வால்தான் துடிச்சுக்கிட்டுக் கிடக்கு. நடையைப் பாருங்க, அது வேற யாரோட நடையோ."

"அப்படி நாம நினைக்கணும்னுதான் நடக்கிறான் மாப்பிள்ளை."

"இத்தனை நாள் பட்டினி கிடந்து நடிக்கிற அளவுக்கு நல்ல நடிகன் இன்னும் பொறக்கல மச்சான்."

ஒரு நாள் காலை கோட்டைக் கதவு திறந்தது. முன்னால் பெண்கள், கையில் வெள்ளைத் துணி. பின்னால் குழந்தைகள், கிழவர்கள், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு. ஆயுதம் எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு குழந்தை நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. தூக்க யாருக்கும் தெம்பில்லை. அது அழவும் இல்லை. அதைத்தான் நான் கவனித்தேன். அத்தனை ஜனம் வருகிறது, சத்தமே இல்லை.

சுடச் சொன்னேன். மாப்பிள்ளை என்னையே பார்த்தார்.

"மச்சான், அதுங்க பசியில வருதுங்க. நல்லாப் பாருங்க."

"பின்னாடி அவன் இருக்கான்."

"இருந்தா நான் போய்ப் பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் எனக்காகக் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க, போதும்."

தண்ணீர்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார். அந்தக் குழந்தையிடம்தான் முதலில் போனார். அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பிக் கையசைத்தார், ஒன்றுமில்லை வாங்க என்பதுபோல.

எட்டிப் பார்க்கப் போனவர் அவர். நான் தள்ளி நின்றேன். மருந்து கெட்டித்துத் தயாராக நின்ற பீரங்கிகள் ஒவ்வொன்றுக்கும் நானே தீ வைத்தேன். மற்றவர்கள் கை வைக்கவில்லை, அவர்களை நீங்கள் விட்டுவிடலாம். முதல் குண்டு தாழ்ந்துவிட்டது. அடுத்ததைத் திருத்திக்கொண்டேன். அசைவு நிற்கும்வரை சுட்டேன்.

பிறகு நீங்கள் என்னைக் கோட்டைக்குள் கூட்டிப்போய், தானியக் கிடங்கில் பல்லியின் பிணத்தைத் தோண்டிக் காட்டினீர்கள். மழை தொடங்கியபோதே காய்ச்சலில் போய்விட்டானாம். அது தெரிந்தால் நான் உள்ளே புகுந்து எல்லோரையும் வெட்டிவிடுவேன் என்று பயந்து, ஒரு தையல்காரனுக்கு அவன் மேலங்கியை மாட்டி நடக்கவிட்டார்களாம். தையல்காரனும் வெள்ளைத் துணிக் கூட்டத்தோடு வந்தவன்தான் என்றீர்கள். இருக்கலாம். செத்த பிறகும் ஒருவன் என்னை இந்த நாற்காலி வரைக்கும் கொண்டுவந்து உட்கார வைக்கிறான் என்றால், அவன் எப்பேர்ப்பட்டவன் என்று யோசித்துப் பாருங்கள்.

என் தங்கை வெளியே நிற்கிறாள் என்றீர்கள். அவளை உள்ளே விடவேண்டாம். நடந்ததை நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். அவள் புருஷனைக் கொன்றது பல்லி. நான் தீ வைத்தேன், அவ்வளவுதான்.