அடுப்பில் மறந்த தூள்

ஹலோ... அக்கா, நான்தான்... ஆமா, ஆமா, மெஷின் பக்கத்துலேர்ந்துதான்... அழல, சிரிக்கறேன்... சாப்பிட்டாச்சு, அதை விடு. உடையலக்கா. என் பேட்டரி உடையல.

...எக்ஸ்ரேதான். ஆனா ஆஸ்பத்திரி எக்ஸ்ரே இல்ல, ஒரு கட்டடம் பூரா வட்டமா ஓடற மெஷின்லேர்ந்து வர்றது. பேட்டரி சார்ஜ் ஏறும்போதே உள்ள இருக்கற தூளைத் துகள் துகளாப் பாக்கலாம்... ஆமா, ஆமா. பொத்திப் பொத்திச் செஞ்சு எடுத்துட்டு வந்தது அத்தனையும் விரிசல் விட்டுருச்சு. எங்க கைடு சார் மூஞ்சியில ஈயாடல. மெஷினை நேர் பண்ணிப் பாக்க ஒரு கழிசல் பேட்டரி வெச்சிருந்தேன். தப்பித்தவறி அதையே சார்ஜ் போட்டுட்டு... கேளேன். அது மட்டும் கல்லு மாதிரி நிக்குது.

...அதான் வில்லங்கமே. எப்படிச் செஞ்சேன்னு சார் கேக்கறார். மறுபடி செஞ்சு காட்டலைன்னா, குருட்டாம்போக்குல அமைஞ்சதுன்னு ஊதித் தள்ளிடுவாங்க. அந்தக் கழிசல் பேட்டரித் தூளை லேப் அடுப்புல வெச்ச அன்னைக்குத்தான் நீ கூப்பிட்டே... உன்னைக் குத்தம் சொல்லல, தாயே. அரை மணியில எடுக்க வேண்டியது, நீ போனை வெச்சப்புறம்தான் ஞாபகம் வந்து எடுத்தேன், கெட்டுருச்சுன்னு கழிச்சும் வெச்சேன். எவ்வளவு நேரம் பேசினோம்?

...நான் தூங்கிட்டேனா?... கொறட்டையா? நானா?... சார், ஒரு நிமிஷம், அதைத்தான் கேட்டுட்டிருக்கேன்... சொல்லுக்கா. அப்புறமும் பேசிட்டே இருந்தியா?... பசங்க ஸ்கூல் விட்டு வர்ற வரைக்குமா?... மூணு மணி நேரம்! சார், மூணு மணி நேரம் சார்... ஆமா சார், எங்கக்கா சொல்றா, சரியாத்தான் இருக்கும்.

...அக்கா, அவர் குதிக்கறார். இந்த வயசுல... இரு, கொறட்டைன்னு தெரிஞ்சும் ஏன் போனை வெக்கல?

...கொறட்டையாவது குறுக்க பேசாதுங்கறியா?

...ம்... ம்... அப்படி என்னக்கா சொன்னே அன்னைக்கு?... ஒண்ணுமில்லாததுக்கா மூணு மணி நேரம்?... மாமாவுக்குத் தெரியுமா?... சரி, சரி, கேக்கல.

திங்கக்கிழமை மறுபடி அடுப்புல தூள் வெக்கறேன். அதே மூணு மணி நேரம். வெச்சதும் நானே கூப்பிடறேன், முதல்லேர்ந்து சொல்லு... தூங்க மாட்டேன்... குறுக்கயும் பேச மாட்டேன்... ஐயோ, ஆமா, இப்பவே பேசிட்டேன்...

சார், வர்றேன் சார்... இல்லக்கா, நான் போனை வெக்கல. நீ முடி. முடிச்சுட்டு நீயே வெய்யி... ம்...