வீட்டாளுக்கு எதுக்கு டிக்கெட்

பாம்... பாம்... பாம்னு மூணு தடவ. கோட்டைத் தீவுலேர்ந்து கெளம்புறப்ப எங்க வீட்டுக்காரரு அடிக்கிற ஹாரன் அப்படித்தான் இருக்கும், கனத்த தொண்டைக்காரன் கூப்பிடுற மாதிரி. இப்ப உங்க படகுல அடிச்சாங்களே, அது ஆட்டுக்குட்டி கத்துற மாதிரில்ல இருக்கு? சரி சரி, கோவிச்சுக்காதீங்க தம்பி. டிக்கெட் ஒண்ணு குடுங்க.

வேணாம்னா எப்படி? நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும், பழைய படகோட்டி சம்சாரம். அதுக்காக? காசத் திருப்பித் தள்ளாதீங்க. பின்னால ஆளுங்க நிக்கட்டும். கோட்டை எத்தன காலமா நிக்கிது, இவங்க செத்த நேரம் நிக்க மாட்டாங்களா?

மரியாதைக்குச் சொல்றீங்க, புரியுது. முன்ன நாங்க போனப்பவும் இதே மரியாதைதான். வீட்டாளுக்கு எதுக்கு டிக்கெட், ஏறுங்கம்மான்னு ஜன்னலோரமா எடம் பிடிச்சுக் குடுத்தாங்க. ஆனா திரும்புறப்ப என்ன பண்ணுவாங்க? ஏறுற பலகைகிட்ட ஒருத்தர் நின்னு, கிழிச்ச பாதி டிக்கெட்ட வாங்கிக்குவாரு. வித்ததும் வாங்குனதும் சரியா இருந்தா கயித்த அவுத்துருவாங்க. இப்பவும் அப்படித்தானே? பாத்தீங்களா. டிக்கெட் இல்லாத ஆளு அந்தக் கணக்குல எங்க வரும்?

அதுக்குத்தான் கேக்குறேன். போயிட்டுத் திரும்பி வரணும்ல.

இல்லப்பா, அடிக்கடியெல்லாம் போனதில்ல. ஒரே தடவ. அப்புறம் அவரு விடல. தானும் படகத் தொடல. போன மாசம் போய்ச் சேந்துட்டாரு, இனிமே யாரு தடுக்கப் போறா? கடைசி வரைக்கும் ஒரு பழக்கம் அவருக்கு, விளக்க அணைக்கிறதுக்கு முன்னால தலைய எண்ணுவாரு. வீட்டுல இருந்ததே ரெண்டு பேரு. சிரிப்பு வருதுல்ல? நானும் சிரிச்சிருக்கேன்.

ஆங், கிழிங்க. நல்லா இருங்க.

கணக்குல வராமப் போனது யாரா? யாரும் சொல்லலயா உங்களுக்கு? எங்க பொண்ணுதான். அப்பத்தான் பள்ளிக்கூடத்துல சேத்திருந்தோம். மூணு பேருமாத்தான் கோட்டையச் சுத்திப் பாத்தோம். எனக்குத் தண்ணிப் பயணம் ஒத்துக்கல. திரும்புறப்ப கீழ் அறையில ஒரு வாளியக் கட்டிப் பிடிச்சுட்டுப் படுத்துட்டேன். மேல அப்பாகூட இருக்கான்னு நான். கீழ அம்மாகூட இருக்கான்னு அவரு. டிக்கெட்டு சரியா இருந்துச்சு. பாதிக் கடல்லதான் அவரு குனிஞ்சு, குட்டி தூங்கிட்டாளான்னு கேட்டாரு.

திருப்புனோம். அதுக்குள்ள தண்ணி ஏறி, இறங்குற படியெல்லாம் முங்கிப் போயிருந்துச்சு. படகு போறதப் பாத்து ஓடி வந்திருப்பா போல.

அன்னைக்குக் கெடைக்கல. மறுநாள் வலை போட்டவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க.