கன்னு குடுத்தவர்

இல்லக்கா, அவரை இப்ப போன்ல கூப்பிடாதீங்க. வாழைக்கன்னு குடுத்தவருகிட்ட சண்டை போடுறதை ரிசல்ட் வந்த பிறகு வச்சுக்கலாம். பதினஞ்சு நாள்தான், பொறுங்க. தண்டை வெட்டிக் கவர்ல போட்டுட்டேன், வேர்ப்பக்கத்து மண்ணும் எடுத்தாச்சு. பேரு விஜயராணிதானே? இனிஷியல்? ம்... சரி. மேலூர், ரஸ்தாளி, ஏழு மாசப் பயிரு.

ஆமாங்க்கா, வாடல் நோய் மாதிரிதான் தெரியுது. பொய் சொல்ல மாட்டேன். வெட்டுனப்ப பாத்தீங்கல்ல, உள்ள செவப்பா நூல் நூலா ஓடுது. ஆனா பாத்ததும் இதுதான்னு சொல்ல நான் ஆள் இல்ல. நான் சாம்பிள் எடுக்குறவ. ஒம்பது வருசமா உறையூர்லேர்ந்து பஸ் ஏறி வந்து, மண்ணு, எலை, தண்டுன்னு எடுத்துட்டுப் போயி லேப்ல குடுக்குறேன். ரிசல்ட் பேப்பரையும் நாந்தான் கொண்டாந்து குடுக்கணும்.

கன்னுலதான் வந்திருக்கணும்னு நீங்களா முடிவு பண்ணிறாதீங்க. எங்க அக்கா வீட்டுலயே அப்படித்தான் ஆச்சு. உக்காருங்க, பஸ்சுக்கு இன்னும் நேரம் இருக்கு.

எங்க அக்கா ரெங்கநாயகியை ஜீயபுரம் பக்கம் குடுத்திருக்கு. அத்தான் பேரு ஜெயக்குமார். ஒன்றரை ஏக்கர் ரஸ்தாளி. கன்னு குடுத்தது பக்கத்து வயக்காரரு, வீரமலை அண்ணன். கன்னு விக்கிறதுதான் அவரு பொழப்பே. தோண்டி எடுத்த கட்டை ஒவ்வொண்ணையும் உருட்டி உருட்டிப் பாப்பாரு. சின்னப் பொத்தல் இருந்தாலும் தூக்கிப் போட்டுருவாரு. அத்தானும் அவரும் ஒரே பைக்குலதான் காந்தி மார்க்கெட் போவாங்க. அக்காவுக்குப் பெரியவ பொறந்தப்ப ராவோட ராவா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி சேத்ததே அவருதான்.

முந்தின வருசம் புரட்டாசில அத்தான் வயல்ல இதே மாதிரி அடியெலை மஞ்சளாச்சு. அப்புறம் மட்டை ஒடிஞ்சு தொங்க ஆரம்பிச்சிருச்சு. நாந்தான் சாம்பிள் எடுத்தேன். வாடல்னு வந்துச்சு. பேப்பரைப் படிச்சுக் காட்டுனதும் அத்தான் நேரா வீரமலை அண்ணன் வாசல்ல போயி நின்னுட்டாரு. நோய்க் கன்னைக் குடுத்து என் மண்ணைக் கெடுத்துட்டியேன்னு, நாலு பேர் பாக்க. அதுக்கு அவரு, ஜெயா, நான் உனக்கு அப்படிச் செய்வேனான்னு மட்டும் கேட்டாரு.

சேச்சே, அடிதடியெல்லாம் இல்ல. ஊர்ல அப்புறம் யாரும் அவருகிட்ட கன்னு வாங்கல, அவ்வளவுதான். அவரு வந்தா டீக்கடைல பேச்சு நின்னுரும்.

ஒரு நா அவரே என்னைத் தேடி வந்தாரு. சித்ரா, என் வயல்லயும் எடுத்துப் பாரும்மா, இருந்தா இருக்குன்னு சொல்லிரு, மொத்தத்தையும் கொளுத்திடுறேன்னாரு. ஆறு எடத்துல எடுத்தேன். ரிசல்ட் வந்துச்சு. சுத்தமா இருந்துச்சுக்கா. ஒரு எடத்துல கூட நோய் இல்ல.

குடுக்கல. அவருகிட்டயும் குடுக்கல, அத்தான்கிட்டயும் காட்டல.

கேக்காம இருப்பாரா? மூணு தடவ போன் பண்ணுனாரு. இன்னும் வரலண்ணேன்னேன். அதுக்கப்புறம் அவரு கேக்கவே இல்ல. குத்தகை வயலை விட்டுட்டு, காட்டூர்ல ஒரு அப்பார்ட்மெண்ட்டுக்கு வாட்ச்மேனா போயிட்டாரு. இந்தத் தை மாசம் மஞ்சக்காமாலை முத்திப்போயி புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில சேத்தாங்க. அஞ்சே நாள். அத்தான் சாவுக்குக் கூடப் போகல. அக்கா மட்டும் போயி, ஓரமா நின்னுட்டு வந்துச்சு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் அந்தப் பேப்பரை எடுத்துட்டுப் போயி அவரு சம்சாரம் வெள்ளையம்மா அக்காகிட்ட குடுத்தேன். அதுக்குப் படிக்கத் தெரியாது. படிம்மான்னுச்சு. படிச்சேன். தண்ணி குடிக்கிறியான்னு கேட்டுச்சு. அப்புறம், எங்க கன்னுல இல்லன்னா பின்ன உங்க அத்தான் வயலுக்கு எப்படிம்மா வந்துச்சுன்னு கேட்டுச்சு. தெரியலக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

தெரியும். அத்தான் வயல்ல மொதல்ல எல்லா மரமும் வாடல. மோட்டார் கொட்டாய்லேர்ந்து நடுவால ஒரே வரிசையா, ஆள் நடந்து போன மாதிரி வாடிச்சு. அது நான் நடந்து போன வழி. கன்னு நட்டு ரெண்டு மாசம், பங்குனி. பெட்டவாய்த்தலைல நோய் விழுந்த வயல்ல காலைல சாம்பிள் எடுத்திருந்தேன். செருப்புல ஒட்டுன மண்ணு போதும்க்கா இது பரவ. கழுவாம அடுத்த வயல்ல எறங்கக்கூடாதுன்னு ட்ரெய்னிங்ல மொத நாளே சொல்லிருக்காங்க. அந்த ரிசல்ட்டைக் காட்டிருந்தா அடுத்த கேள்வி என்கிட்டதான் வந்திருக்கும்.

பெட்டவாய்த்தலை போன அன்னைக்குத்தான் அக்கா போன் பண்ணி, மீன்கொழம்பு வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுப் போன்னுச்சு. போனேன். அத்தான் வயல்ல நிக்கிறாரு, கூட்டிட்டு வான்னுச்சு. அப்படியே உள்ள எறங்கிட்டேன். வீரமலை அண்ணனும் அங்கதான் இருந்தாரு. மூணு பேரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிட்டோம்.