வேனுக்குள் சாம்பிராணி

பொம்மசந்திராவில் இவ்வளவு நல்ல காபி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, முனிராஜ். டிகாக்‌ஷன் கெட்டியாக இருக்கிறது, சிக்கரியும் அளவோடுதான் இருக்கிறது. ஷெட்டுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு கடை அமைந்தது உங்கள் அதிர்ஷ்டம். வைட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் இதையே பேப்பர் கப்பில் ஊற்றி, வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்து, ஆறவைத்துத் தருகிறார்கள்.

என் முகத்தைப் பார்க்காமல் அந்த ஸ்பேனரையே துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். என் மாப்பிள்ளை அச்யுத் உங்கள் ஷெட்டைப் பற்றி இணையத்தில் எழுதியதை நானும் படித்தேன். 'இவர் வேனில் பொருத்திய ஜெனரேட்டரில் விஷப்புகை கசிகிறது, குடும்பத்தோடு சாக ஆசை இருந்தால் போங்கள்' என்று எழுதியிருக்க வேண்டாம். எதையும் கூட்டித்தான் சொல்வான், அவன் சுபாவம் அப்படி. அதற்கப்புறம் உங்களுக்கு வேன் வேலையே வரவில்லை என்றும், எங்கே தப்பு நடந்தது என்று தூக்கம் வராமல் யோசிப்பதாகவும் போனில் சொன்னீர்கள். அதைச் சொல்லத்தான் நேரில் வந்தேன்.

உங்கள் வேலையில் தப்பே இல்லை. முதலில் இதைக் கேட்டுக்கொண்டு மனசை ஆற்றிக்கொள்ளுங்கள்.

நான் மின் ஆய்வாளராக இருந்து ரிட்டையர் ஆனவன். சர்வீஸ் முழுக்க ஒருவரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. முடியாது என்றால் சண்டைக்கு வருவார்கள், மேலதிகாரியிடம் போவார்கள். 'எல்லாம் பிரமாதம், ஒரே ஒரு குறை' என்று சொல்லிப் பாருங்கள், தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போவார்கள். அதைச் சரிசெய்துகொண்டு வந்தால் இன்னொரு குறை இருக்கும். கை நீட்டி எதுவும் வாங்கியவன் இல்லை நான். அனந்தபத்மநாபன் சார் கறார், ஆனால் நல்ல மனுஷர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

அதனால் என் பெண் அம்ருதா வந்து நின்றபோதும் நான் மறுக்கவில்லை. "அப்பா, நாங்க ரெண்டு பேரும் ஒரு வருஷம் வேன்லயே ஊரைச் சுத்தப்போறோம். லேப்டாப் இருந்தா எங்கேந்து வேணா வேலை பண்ணலாம். மமதா வந்து சமைச்சு வெச்சுட்டுப் போவா, உங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இருக்காது" என்றாள். மமதா நன்றாகத்தான் சமைப்பாள். ஆனால் என் மனைவி ஜகதாம்பாள் போனபிறகு அந்த வீட்டில் எனக்கென்று பேசுகிற குரல் அம்ருதாவுடையது ஒன்றுதான். எனக்குப் பயமாக இருந்தது. பெற்ற பெண்ணிடம் அதைப் போய் எப்படிச் சொல்வது? "ஜெனரேட்டர் வெச்சா முறையா வெக்கணும்மா" என்று மட்டும் சொன்னேன்.

முறையாகத்தான் வைத்தீர்கள். வெளிப்பக்கம் மட்டும் திறக்கிற இரும்புப் பெட்டி, உள்ளே படுக்கிற இடத்துக்கு ஊசி முனை அளவுகூடக் காற்றுப் போகாத தடுப்பு, ஜன்னல்களை விட்டு விலகி வேனின் பின்புறம் நீட்டிய புகைக்குழாய். கட்டில் தலைமாட்டில் அலாரம் வைக்கச் சொன்னது நான்தான். பெட்ரோல் ஜெனரேட்டரின் புகையில் இருக்கும் அந்த விஷத்துக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும், அலாரம்தான் எழுப்பவேண்டும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, நீங்கள் "ஆய்து சார், செஞ்சிடலாம்" என்று சளைக்காமல் செய்தீர்கள். கடைசியில் கேட்பதற்கு எனக்கு ஒரு குறைகூட மிச்சமில்லை. என் சர்வீஸில் அப்படி நடந்ததே இல்லை, முனிராஜ். கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

வண்டி பூஜையன்று நீங்களும் இருந்தீர்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கியபிறகு, அம்ருதா தூபக்காலில் தணல் போட்டு, சாம்பிராணி தூவி, வேனுக்குள் கொண்டுபோனாள். சற்று நேரத்தில் அலாரம் ஊரைக் கூட்டியது. "மாமா, சாமிக்கே அலர்ஜி" என்று அச்யுத் சிரித்தான். கரித்தணல் கக்குவதும் அதே விஷம்தான், அலாரம் அதன் கடமையைச் செய்தது, அவ்வளவே. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு ஒரு குறை கிடைத்துவிட்டது.

எங்கள் கேட்டுக்கு வெளியே கோவிந்தப்பா இஸ்திரி வண்டி போட்டிருக்கிறார். இன்னும் கரிப்பெட்டிதான். அவர்கள் முதல்முறை கிளம்பவிருந்த காலையில், ஒரு அகலை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். "பூஜைக்கா சார்?" என்று கேட்டு, நல்ல தணலாகப் பொறுக்கிப் போட்டார். ஆமாம் என்றேன். அகலைக் கட்டிலடி அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று நானே யோசனையும் சொன்னேன். அலாரம் அலறியது. எல்லோரும் வெளியே ஓடிவந்து நின்றோம். வேனைக் காற்றாட விட்டபின், ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான்தான் முதலில் ஏறினேன். அகல் என் ஜிப்பாப் பையில் வந்தது. ஜிப்பா பொத்தலானது தனிக்கதை.

நீங்கள் ஓடிவந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தீர்கள். "சார், நம்ம வேலையில லீக்குன்னு ஒண்ணு வராது சார், தாயாணே" என்றீர்கள். நான் உங்கள் தோளைத் தட்டி, மனுஷன் என்றால் தப்பு நடக்கும், விடுங்கள் என்றேன். இரண்டாம் தடவையும் அப்படித்தான். அன்றைக்கு ராத்திரிதான் அச்யுத் அந்த வரிகளை எழுதினான். அம்ருதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "நல்லவேளைப்பா, நீங்க அலாரம் வெக்கச் சொன்னேள்" என்றாள். எத்தனையோ நாளைக்கப்புறம் என் தோளில் சாய்ந்தாள். அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா. தணலை வைத்து அலாரத்தைப் பொய் சொல்லவைப்பது எனக்கு உறுத்தியது. பொய் ரிப்போர்ட் கொடுத்தவன் இல்லை நான். அதனால் மூன்றாம் தடவைக்கு முன்னால் அதை நேர்மையாகச் செய்தேன். புகைக்குழாயின் மூட்டில் நீங்கள் முடுக்கியிருந்த கிளாம்பைத் தளர்த்தினேன். தடுப்பில் ஒயர் போகிற துளைக்கு நீங்கள் வைத்த ரப்பர் அடைப்பையும் பிடுங்கிவிட்டேன். இனிமேல் அலாரம் அடித்தால் அது உண்மையாகத்தான் இருக்கும். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று ஓட்டிப் பார்த்தார்கள். அலாரம் அடித்தது. அம்ருதா உங்களைக் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. "இந்த அலாரமே லூஸு. இதை நம்பிண்டு இருந்தா ஜென்மத்துக்கும் கிளம்ப முடியாது" என்று அதைக் கழற்றி, பேட்டரியை உருவி, சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் காலத்தில் ஜனங்கள் ஆய்வாளரைத் திட்டுவார்களே தவிர, கழற்றி வைக்கமாட்டார்கள்.

இன்று விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். நமஸ்காரம் செய்தார்கள், ஆசீர்வாதம் செய்தேன். சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் இன்று ராத்திரி தங்குகிறார்கள். அங்கே குளிர் அதிகம். ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, ஜெனரேட்டரைப் போட்டு, ஹீட்டர் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். ஹீட்டர் வாங்கிக் கொடுத்தது நான்தான்.

உடனே போன் செய்திருக்கலாமே என்பீர்கள். எடுத்தேன். எடுத்து என்ன சொல்வது? 'இன்னொரு குறையாப்பா' என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவாள். நம்பவைக்க வேண்டுமென்றால் அகலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். சொன்னால் என் முகத்தில் முழிக்கமாட்டாள். அதனால் மெட்ரோவில் ஏறினேன். மெஜஸ்டிக்கில் ஒரு தடவை, ஆர்.வி. ரோட்டில் ஒரு தடவை மாறினால் போதும், நேராக உங்கள் பொம்மசந்திரா. கூட்டம் இருந்தது, ஆனால் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.

ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் போனை எடுத்துவிட்டீர்கள். நல்லது, அதற்காகத்தான் வந்தேன். பதறவேண்டாம், இருட்ட இன்னும் நிறைய நேரம் இருக்கிறது, அவர்கள் ஹாசனைத் தாண்டியிருந்தாலே அதிகம். 'கடைசியாக வேலை பார்த்தபோது கிளாம்பை முடுக்க மறந்துவிட்டேன், அடைப்பும் விட்டுப்போயிற்று, ஜெனரேட்டரைத் தொடாதீர்கள், வண்டியைத் திருப்புங்கள்' என்று சொல்லுங்கள். நீங்கள் மறந்ததாகவே இருக்கட்டும். உங்கள் பெயர் அவர்களிடம் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிறது, புதிதாகக் கெடுவதற்கு ஒன்றுமில்லை. என் நிலைமை அப்படியில்லை, எனக்கு இருப்பது ஒரே பெண்.

திடீரென்று இப்போது எப்படி ஞாபகம் வந்தது என்று அவள் கேட்டால், அப்பா சந்தேகப்பட்டு இவ்வளவு தூரம் தேடி வந்து கேட்டார் என்று சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் உயிரைக் காப்பாற்றியது அப்பாதான் என்று தெரிந்துவிட்டால் போதும், முனிராஜ். அப்புறம் அவள் என்னை விட்டு எங்கேயும் போகமாட்டாள்.