அழகுபாண்டியை எழுப்ப ஒரு புத்தகம்

— இல்ல தௌஹீத் பாய், நீ என்ன சொன்னாலும் சரி, நம்ம டைஸ் ஆட்டத்தோட அந்த ரெண்டாவது ரூல் புக்க வாங்கிட்டுத்தேன் இன்னைக்கு பேரையூருக்கு பஸ் ஏறுவேன்.

— கேளு சோலை. மொத புக்குல இருக்க ரூலையே நாம பாதிதான் படிச்சிருக்கோம். அதுக்குள்ள எதுக்குய்யா ரெண்டாவது?

— புதுசா முந்நூறு பூதம் இருக்காம்ல.

— ஒன்றரை வருசமா ஆடுறோம். பாத்தது நாலே நாலு பூதம். அந்த நாலுக்கே நீ டீயக் கொட்டி மேப்ப நனைச்ச.

— கப்பல் சண்டைக்கு மட்டும் நாப்பது பக்கம் பாய்!

— கேளு. நம்ம கதையில கடலே கிடையாது. இருக்கறது ஒரே ஒரு கண்மாய். அதுலயா கப்பல் விடப் போற?

— தண்ணி வந்தா விடலாம்ல.

— சென்னையில என் மச்சான் பரீத் ஆறு புக்கு வாங்கி அடுக்கி வச்சிருக்கான். அங்க ஒருத்தன் வாள ஓங்குனா, இன்னொருத்தன் "நாலாவது புக்கு, எழுபதாம் பக்கம்"னு கைய நீட்டுவான். ஆட்டம் நின்னு எட்டு மாசம் ஆச்சு. புக்கு கூடக் கூட வக்கீலுதான் கூடுறான், வீரன் கூடல.

— உனக்கென்ன பாய், நீ கதை நடத்துற ஆளு. உனக்குச் சாவு கெடையாது. ஆட்டத்துல செத்தது என் வீரன் அழகுபாண்டி. அந்தப் புக்குல செத்தவன எழுப்புற மந்திரம் இருக்காம். அதுக்குத்தேன் கேக்குறேன்.

— அப்படி வா வழிக்கு.

— ஒன்றரை வருசம் வளத்த ஆளு பாய். எட்டு நாளா சோறு எறங்கல.

— அதுக்காக சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புலயா போடுவ?

— நம்ம குரூப்புன்னு நெனச்சுப் போட்டுட்டேன். "அழகுபாண்டி போயிட்டான், மனசே சரியில்ல"ன்னு. ரெண்டு மணி நேரத்துல டி. கல்லுப்பட்டியில இருந்து வேன் வச்சு வந்துட்டாக, மாலையோட.

— யாருக்கு மாலை?

— எங்க அழகுபாண்டி மாமாவுக்கு. அவரு பேரத்தேன் என் வீரனுக்கு வச்சிருந்தேன். மாமாவே கதவத் தொறந்து, "யாரு செத்தா? இருங்க, நானும் வாரேன்"னு சட்டைய மாட்டுறாரு.

— அட அல்லாவே! எப்படிச் சமாளிச்ச?

— "மாமா, நாங்க நாலு பேரு மேசையச் சுத்தி உக்காந்து, ஆளுக்கொரு வீரனா பேசி ஆடுறது. டைஸ் விழுறதப் பொறுத்துப் பொழைப்பான், சாவான்"னேன். "மத்தவன்லாம் பொழைச்சுட்டான், என் பேரு வச்சவன் மட்டும் ஏன்டா செத்தான்?"னு கேட்டாரு. பதில நீயே சொல்லு பாய்.

— பதில் இருக்கே. கோட்டை வாசல்ல ஒத்த ஆளா நின்னு பூதத்த மறிச்சான்ல? "திவ்யாவக் கூட்டிட்டு ஓடுங்க"ன்னு கத்துன. நம்ம கூட ஆடுற அவ ஆட்டத்துல மந்திரக்காரி, அந்த மந்திரக்காரிக்கு வேற பேரு இருக்கு. நீ நெசப் பேரச் சொன்ன.

— அவசரத்துல வாயில வந்துருச்சு. எல்லாரையுந்தேன் ஓடச் சொன்னேன்.

— சரி, சரி. கேளு, உங்க பக்கம் இப்படிக் காவலுக்கு நின்னு செத்தவன என்ன செய்வீங்க?

— பட்டவன்னு கல்லு நட்டுக் கும்பிடுவோம். எங்க கண்மாய்க் கரையில ஒருத்தரு நிக்கிறாரே.

— சும்மாவா நிக்கிறாரு?

— ஆத்தாடி, சும்மாவா? எல்லையே அவருதேன். சொல்லாம கொள்ளாம தாண்டுனா வண்டி மக்கர் பண்ணும். பொங்கல் வச்சா ஆள் மேல எறங்கிக் குறி சொல்லுவாரு. எங்க சித்தப்பா கரப்பான்பூச்சிக்குப் பயப்படுற மனுசன், அவரு எறங்குனா அருவா மேல ஏறி நிப்பாரு.

— இரு, பேனாவ எடுத்துக்கிறேன். எனக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது, தப்பா எழுதுனா சொல்லு. கோட்டை வாசல்ல அழகுபாண்டிக்குக் கல்லு. அவனக் கேக்காம எவனும் உள்ள வர முடியாது.

— பூதமும்?

— மொதல்ல பூதந்தான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒருக்கா, நம்ம ஆளுங்க யாரு மேலயும் அவன் எறங்கலாம். எறங்குனா டைஸ உருட்டுறது நீ.

— படையல் வைக்காட்டி?

— எறங்க மாட்டான்.

— கிடா வெட்டணும் பாய், வெறும் பொங்கலுக்கெல்லாம் மசிய மாட்டான் என் ஆளு! அடேயப்பா, உசுரோட இருந்ததவிட இதுல்ல நல்லா இருக்கு! கண்ணுல தண்ணி வருது பாய்.

— அப்ப புக்கு?

— எந்தப் புக்குலயாச்சும் இந்த ரூலு இருக்கா? அந்தக் காசுக்கு நாலு பேருக்கும் பிரியாணி வாங்குவோம்.

— மனசாரச் சொல்றியா? அவன எழுப்ப வேணாம்ல?

— மனசாரத்தேன். ஆமா, ஒரு புக்க வாங்க விடாம நீ ஏன் இம்புட்டு மல்லுக்கட்டுன?

— அந்தப் புக்க திவ்யா போன வாரமே வாங்கிட்டா, மாப்ள. செத்தவன எழுப்பணும்னா, மந்திரம் போடுறவ ஆட்டத்துல தன் மந்திரக்காரியோட உசுரக் குடுக்கணுமாம். வர்ற ஞாயித்துக்கிழமை சோலைக்காக நான் சாகுறேன்னு என்கிட்ட எழுதியே குடுத்துட்டா. இந்தா போனு, வேணாம்னு நீயே சொல்லு.