ஈரத் தரையில் எவன் கால் வைப்பான்?

சொன்னேனா, இல்லையா? நோட்டீஸ் ஒட்டிய பசை காய்வதற்குள், "புல்டோசர் வரும், வந்த வழியே திரும்பும்" என்று தண்ணீர்க் குழாயடியில் நின்று சொன்னேனா, இல்லையா? நாளைச் சொன்னேன். நேரத்தைச் சொன்னேன். வண்டியின் நிறம் மஞ்சள் என்பது வரைக்கும் சொன்னேன்! அங்கே ஒரு தம்பி, "புல்டோசர்னாலே மஞ்சள்தானே மாமா" என்கிறார். அதை எனக்கு முன்னால் நீ சொன்னாயா தம்பி? சொல்லவில்லை அல்லவா? உட்கார்!

கால் ஆடும் நாற்காலியில் அசையாமல் அமர்ந்து இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே! சுண்ணாம்பும் சிமெண்டும் தின்ற கைகளைத் தட்டி என்னை மேடையேற்றிய மூத்த மேஸ்திரிமார்களே! என்னைப் பெறாமலே பெற்றெடுத்த தாய்மார்களே! முன்வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் என் உடன்பிறந்த தங்கையே! நாற்பத்தொரு வீட்டு நல்லவர்களே! உங்கள் அனைவருக்கும், டைல்ஸ் பதிக்கும் தொழிலில் எனக்கு நிகர் நானே என்று ஊர் சொல்லும், மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே பட்டமாகப் பெற்ற இந்த ரசமட்டத்தின் வணக்கம். மைக்கைக் கொஞ்சம் கூட்டப்பா, என் குரலுக்கு இது போதாது.

முந்தாநாள் காலையில், கையில் கோப்போடு வந்த அதிகாரி நம்மைப் பார்த்து என்ன சொன்னார்? "இவங்கள்லாம் சும்மா குந்திக்கிட்டிருக்கிறவங்க" என்றார். சும்மா! அந்த ஒரு வார்த்தை என் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. அதைப் பிடுங்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஐயா அதிகாரி அவர்களே, நாங்கள் குந்துகிறவர்கள்தான். மறுக்கவில்லை. நாலாம் வகுப்பில் சிலேட்டு இல்லை என்று ஆசிரியர் என்னைக் கதவுக்கு வெளியே குந்த வைத்தார். அன்று எழுந்தவன் நேராக வேலைக்குப் போய், அங்கே மறுபடி குந்தினேன். முப்பத்தாறு ஆண்டுகள்! நான் பதித்த தரைகளை வரிசையாக வைத்தால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம். கணக்குத் தெரிந்த ஒருவர் போட்டுப் பார்த்துச் சொன்னார். உங்கள் அலுவலகத் தரையைப் பதித்தது யார்? நாங்கள். எப்படிப் பதித்தோம்? குந்தித்தான் பதித்தோம். ஒவ்வொரு கல்லாக வைத்து, தட்டி, மட்டம் பார்த்து, பின்னால் நகர்ந்து, மறுபடி வைத்து, மறுபடி தட்டி, மறுபடி நகர்ந்து, கடைசிக் கல்லை வைக்கும்போது நாங்கள் வாசலுக்கு வெளியே இருப்போம். அதற்குப் பிறகு உள்ளே போனால் காவலாளி கேட்கிறான்: "யாரைப் பார்க்கணும்?"

யாரைப் பார்ப்பது? என் தரையைப் பார்க்க வந்தேனடா!

ஒரு முறை உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் தரை போட்டேன். பெரிய மனிதர் ஒருவர் கண்ணாடி முன்னால் குந்துகிறார், எழுகிறார், குந்துகிறார், எழுகிறார். பக்கத்தில் ஒருவன் எண்ணுகிறான். "இன்னும் அஞ்சுதான் சார், விட்டுடாதீங்க!" அவர் முழங்கால் நடுங்குகிறது. என்னைப் பார்த்துக் கேட்டார், "பெரியவரே, நீங்க எவ்வளவு நேரம் இப்படி உக்காருவீங்க?" நான் சொன்னேன், "எட்டு மணிக்கு உக்காந்தேன் சார். இன்னும் எந்திரிக்கல." அவர் குந்தினால் ஆரோக்கியம். நான் குந்தினால் கூலி வேலை. என் தங்கை தன் வாசலில் குந்தினால் ஆக்கிரமிப்பு! முழங்கால் ஒன்றுதானே ஐயா? மடங்கும் விதமும் ஒன்றுதானே? ஆளுக்கு ஒரு பெயரா?

காலையில் எல்லோரும் செய்கிற அந்தக் குந்தலைப் பற்றித் தாய்மார்கள் முன்னால் நான் பேசப்போவதில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நாற்பத்தொரு வீட்டுக்கு மூன்று கழிப்பறை. அதில் ஒன்றுக்குக் கதவில்லை, சாக்குதான் தொங்குகிறது. கட்டிக் கொடுங்கள் என்று மனு கொடுத்தால் என்ன சொன்னார்கள்? "அங்க ஆள் இருக்கிறதாவே எங்க ஏட்டுல இல்ல." ஏட்டில் இல்லாதவனுக்கு நோட்டீஸ் எப்படி ஐயா வருகிறது? கழிப்பறை கேட்டால் நாங்கள் இல்லை. இடிக்க வந்தால் மட்டும் இருக்கிறோமா?

இந்த நிலத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறாராம். இருபது ஆண்டுகளில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஒரு கைகூட இல்லை! வேலி போட்டார், பூட்டுப் போட்டார், போனார். முள் வளர்ந்தது. ஊரிலுள்ள உடைந்த கண்ணாடியெல்லாம் இங்கே வந்து குவிந்தது. அந்தக் கண்ணாடியைப் பொறுக்கியது யார் கை? இதோ, முன்வரிசையில் இருக்கிற தாய்மார்களின் கை! தழும்பு இருக்கிறது, காட்டச் சொன்னால் காட்டுவார்கள். பூட்டிவிட்டுப் போனவர் உரிமையாளர், பொறுக்கிச் சுத்தம் செய்தவர் திருடரா? இது எந்த ஊர் நியாயம்?

கைதட்டாதீர்கள். தட்ட வேண்டிய இடம் இன்னும் வரவில்லை.

என் தங்கை யார் என்று வெளியிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சந்து பூசுகிறவள். புருஷனை இழந்தவள். ஊருக்கெல்லாம் தரை போட்டவள் வீட்டில் வெறும் மண். நோட்டீஸ் ஒட்டியதும் ஊரே அழுதது, அவள் அழவில்லை. வேலை நடந்த இடங்களில் மிச்சமாகிப் போன கல்லையெல்லாம் சுமந்து வந்து, தன் வீட்டுக்குத் தரை போட உட்கார்ந்தாள். "இடிக்கப் போறாங்கடி, இப்பப் போயா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "இடிக்கிறவன் தரையையும் சேத்து இடிக்கட்டும். மண்ணை இடிச்சோம்னு சொல்லக்கூடாது" என்றாள். முந்தாநாள் விடியும்போது கடைசிக் கல்லையும் வைத்துவிட்டு வாசலில் குந்தியிருந்தாள்.

புல்டோசர் வந்தது. அவள் வீடுதான் முதல் வீடு. அதிகாரி உள்ளே நுழையக் காலைத் தூக்கினார்.

"சார், கால் வைக்காதீங்க. இப்பத்தான் போட்டது."

"அம்மா, அரை மணி நேரத்துல வீடே இருக்காது. தரை காயலேன்னு சொல்றியே!"

"வீடு இருக்கோ இல்லியோ, ஈரத் தரையில கால் வைக்கிறது தப்பு சார்."

அவர் சிரித்தார். வண்டிக்குக் கை காட்டினார். இரும்புக் கை மேலே எழுந்தது. அப்போது கேட்டது ஒரு சத்தம்: "ஈரம்!" கத்தியவன் யார்? நான்தான்! வானம் கிழியக் கத்தினேன்!

நம் தொழில்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வேலைத்தளத்தில் ஒருவர் "ஈரம்" என்று கத்திவிட்டால், அவர் மேஸ்திரியா சித்தாளா என்று பார்ப்பதில்லை. ஓர் அடி நகர்ந்தால் ஒரு கல் இறங்கும், ஒரு கல் இறங்கினால் வரிசையே போகும். அதனால் மிதித்து வெளியேறப் பலகை போடும்வரை இருந்த இடத்திலேயே குந்திவிட வேண்டும். முந்தாநாள் என்ன நடந்தது? குடத்தோடு வந்தவள் குடத்தோடு குந்தினாள். சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி குந்தினான். நாற்பத்தொரு வீட்டு வாசலிலும், சந்திலும், வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் சனம் குந்திவிட்டது!

வண்டியின் என்ஜினும் நின்றது. ஓட்டுநர் இறங்கவில்லை, நகரவில்லை. "ஏன்யா நிறுத்தினே?" என்று அதிகாரி கத்தினார். அவன் சொன்னான், "ஈரம்னு சொன்னாங்க சார். எங்கப்பாவும் தரை போடுறவர்தான். காயாம வண்டிய எடுக்க மாட்டேன்."

இப்போது தட்டுங்கள்!

மூன்று நாள் தவணை கொடுத்துவிட்டுப் போனார் அதிகாரி. நாளைக் காலை மூன்றாம் நாள். தரை காய்ந்துவிடும். வேறு ஓட்டுநர் வருவான். அவன் அப்பா யாரோ, நமக்குத் தெரியாது. அதனால் கேட்கிறேன்: நாளை ஆறு மணிக்கு, யாரும் கத்தாமலே, அவரவர் வாசலில் குந்துவீர்களா? சும்மா குந்துகிறோம் என்றவர் முன்னால், குந்துவது எவ்வளவு கனமான வேலை என்று காட்டுவீர்களா? வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போகும். வாசலை விட்டால் வாழ்க்கையே போகும்!

என் உரையை இவ்வளவு நேரம் தாங்கிய உங்கள் காதுகளுக்கு நன்றி. தலைவர் அண்ணனுக்கு நன்றி. உங்கள் எல்லோருக்கும் இரு கை கூப்பிய வணக்கம்.

போகட்டுமா? தங்கை என்னையே பார்க்கிறாள். அவள் அப்படிப் பார்த்தால் எனக்கு மேடையிலிருந்து இறங்கக் கால் வராது.

சரி, சொல்லிவிடுகிறேன். "ஈரம்" என்று கத்தியது நான் இல்லை. அவள். நான் அப்போது பின்சந்தில், என் தகரப் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். நானும் குந்தினேன், கயிற்றைப் பிடித்தபடி. அது மட்டும் சத்தியம்.