கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்

இணையம் மெதுவாக இருந்தால் பெரும்பாலான வீடுகளில் கேபிள்தான் சரியாக மாட்டியிருக்காது. இணைய நிறுவனம் ஒன்றில் புகார் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை பார்த்தவள் நான். “கழட்டி மறுபடி மாட்டுங்க சார்” என்று சொல்லிச் சொல்லியே தொண்டை தேய்ந்தவள். நான் யாரிடமும் கேட்காத கேள்வி ஒன்றுண்டு: நீங்களே வேகத்தைக் குறைத்தீர்களா? கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்ததும் அந்த வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை, நானாகத்தான் விட்டேன். மாத்திரையை அவரால் விழுங்க முடியாது. மேசையில் வைத்துப் பொடித்து, வெந்நீரில் கரைத்து, ஸ்பூனால் ஊட்டுவேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. கட்டிலுக்கு எதிரே கணினி இருந்தது. வெளியூரில் இருக்கும் நாத்தனார் வீடியோவில் பேசுவாள், பேசி முடித்தும் அணைக்காமல் வைத்திருப்பாள். அண்ணன்மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மதியம் வெந்நீரோடு அறை வாசலுக்கு வந்தபோது அவர் கணினியில் தங்கையிடம் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்.

“மாத்திரை சரியா குடுக்குறாளான்னு நீ பாத்துக்கிட்டே இரு. அவகிட்ட சொல்லிடாத.”

வெந்நீர் ஆறும்வரை அங்கேயே நின்றேன். என் ஆயுசையே இந்த மனிதருக்காகக் கரைத்திருக்கிறேன், எனக்கே காவல் போட்டிருக்கிறார்.

அவர் தூங்கியதும் கணினியில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினேன். கேபிளின் வேகத்தைக் கணினியும் ரூட்டரும் தாங்களே பேசி முடிவு செய்துகொள்ளும். அதைக் கணினியில் மட்டும் கையால் மாற்றி வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, ஒன்று சொல்வது மற்றதன் காதில் விழாமல் போகும். படம் திக்கும், மங்கும், நிற்கும்.

நாத்தனார் போனில் பதறினாள். “அண்ணி, கேபிளைக் கழட்டி மாட்டிப் பாருங்களேன்.” மாட்டினேன். கணினியை அணைத்துப் போடச் சொன்னாள், போட்டேன். புதுக் கேபிள் வாங்கச் சொன்னாள், வாங்கினேன். டெக்னீஷியன் வந்து தன் லேப்டாப்பில் கேபிளைச் செருகிப் பார்த்துவிட்டு, “லைன் பிச்சிக்கிட்டுப் போகுது மேடம், உங்க கம்ப்யூட்டர்தான் பழசு” என்றார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

யாரும் பார்க்காத வீட்டில் மறுபடி நிம்மதியாக வேலை செய்ய முடிந்தது. ஆனால் மாத்திரையைப் பொடிக்கும்போதெல்லாம் அந்தத் தாழ்ந்த குரல் கேட்டது. செய்யாத தப்புக்குப் பழி ஏற்கெனவே விழுந்துவிட்டது. அதனால் வெந்நீரை மட்டும் ஊட்ட ஆரம்பித்தேன்.

“இன்னைக்குக் கசக்கவே இல்லையே” என்றார்.

“கம்பெனி மாத்திட்டாங்க.”

“என்னமோ போ, உன் கைப்பக்குவம்” என்று சிரித்தார். அப்படிச் சிரிக்கிறவர்தான் முதுகுக்குப் பின்னால் அப்படிப் பேசினார். அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கடைசி நாள் மதியம் நாத்தனார் போன் செய்தாள். “அண்ணி, படம் மறுபடி நின்னுபோச்சு. அண்ணன் வாயைத் தொறந்துக்கிட்டு அப்படியே இருக்காரு.”

நான் அறை வாசலில்தான் இருந்தேன். படம் நிற்கவில்லை. கணினியில் அவருக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. அவர்தான் அசையவில்லை. கண்கள் மட்டும் மெல்லத் திரும்பி என்னிடம் வந்தன.

“இரு, கேபிளைக் கழட்டி மாட்டுறேன்” என்று சொல்லிக் கழற்றினேன். திரும்ப மாட்டவில்லை. கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கண்கள் என்னைப் பார்ப்பதை விடும்வரை காத்திருந்தேன். தனியாக விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

கணினியில் நான் மாற்றிய செட்டிங்கை முதலில் திறந்து பார்த்தவர் உங்கள் ஸ்டேஷன் ஆள்தான். கெட்டிக்காரர்.

நாத்தனார் உங்களிடம் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டேன். “அண்ணி தூக்கமில்லாம தடுமாறுறாங்க, மாத்திரை மாறிட்டா தன்னைத்தானே மன்னிக்க மாட்டாங்க, நீ கூடப் பாத்துக்கன்னுதான் அண்ணன் சொன்னாரு. தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாங்கன்னு சொல்லல” என்றாள். நாத்தனார்கள் அப்படித்தான் பூசி மெழுகுவார்கள்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் சந்தேகப்பட்ட மாதிரி ஒரு மாத்திரைகூட என் கையால் மாறியதில்லை.